நாட்டுத் தக்காளியில் 'நாடு' எது?

கோயம்பேடு விலைப் பட்டியலில் தக்காளிக்கு இரண்டு வரி உண்டு: நாட்டுத் தக்காளி, நவீன் தக்காளி. தெருவுக்கு வந்ததும் நவீன் 'பெங்களூர் தக்காளி' ஆகிவிடும். ரசத்துக்கு வாங்குபவர், தட்டையாக, புளிப்பாக, கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று நாட்டுக் குவியலில் கை வைப்பார். நாலு நாள் வைத்திருந்து குருமாவுக்குப் போடுபவர் கெட்டியாக இருப்பதைப் பொறுக்குவார். இந்தப் பிரிவினை சென்னைக்குப் பழகியது. புதிதாக வந்திருப்பது வேறு: அதே 'நாட்டு' என்ற சொல் ஆர்கானிக் கடைகளிலும் மாடித் தோட்டக்காரர்களிடமும் விதைத் திருவிழாக்களிலும் தரச் சான்று போலப் புழங்க ஆரம்பித்திருக்கிறது. நாட்டுக் கத்தரி, நாட்டுப் பீர்க்கன், நாட்டுப் பப்பாளி என்றால் ருசி நிச்சயம், சத்து நிச்சயம், நோய் வராது, விதை எடுக்கலாம் என்று எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இந்த நான்கில் ஒன்று முழு உண்மை, ஒன்று பாதி உண்மை, ஒன்றுக்கு ஆதாரம் போதாது, ஒன்று பெரும்பாலும் தவறு.

முதலில் சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் திவசச் சமையல் என்றால் 'நாட்டுக்காய்' மட்டும்தான்: வாழைக்காய், பாகல், அவரை, பயற்றங்காய், சேனை, சேப்பங்கிழங்கு, பிரண்டை. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளை எல்லாம் 'இங்கிலீஷ் காய்'. இலையில் இடம் இல்லை. மிளகாய்கூடக் கிடையாது, மிளகுதான். ஆயிரத்தெட்டு கறி சமைக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு சாமர்த்தியமான கணக்கும் வைத்திருக்கிறார்கள்: பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்கு, பலா அறுநூறுக்கு, மீதிக்கு எட்டுக் கறி. இந்தக் கணக்குப்படி 'நாட்டுத் தக்காளி' என்ற பெயரே முரண். தக்காளியும் மிளகாயும் தென்னமெரிக்கா பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகு வந்தவை. பரங்கிக்காய் தன் பெயரிலேயே பறங்கியரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் திருவாதிரைக் களிக்குச் செய்யும் குழம்பில் அது இல்லாமல் முடியாது. சர்க்கரைவள்ளியும் அப்படியே உள்ளே வந்துவிட்டது. உண்மையிலேயே இந்த மண்ணில் பழகிய காய் என்றால் கத்தரி, புடலை, பீர்க்கன், வெள்ளரி. சமையலறை எல்லாரிடமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

விதைக்காரர்கள் 'நாட்டு' என்று சொல்வது வேறு. வீட்டிலோ வயலிலோ தலைமுறையாக விதை எடுத்து, மறுபடி போட்டு, அதே குணத்தோடு வந்துகொண்டிருக்கும் ரகம் என்று பொருள். மரபு ரகம், பாரம்பரிய ரகம் என்றும் சொல்வார்கள். இலவம்பாடி முள் கத்தரி, மிதி பாகல், குடுவைச் சுரை, மூக்குத்தி அவரை, யானைத்தந்த வெண்டை எல்லாம் இந்த வகை. வேலூர் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தண்டு, இலை, காம்பு எங்கும் முள், பறிப்பவருக்குக் கையில் கீறல், ஆனால் எண்ணெயில் போட்டால் வெண்ணெய் போல் குழையும்.

மூன்றாவது வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகங்கள் அவை. விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரிதான் வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 தக்காளி இதற்கு நல்ல உதாரணம். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர்மாற்றம் (மியூட்டேஷன்) தூண்டி உருவாக்கியது. தட்டை உருண்டை, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், புளிப்பு. சந்தையில் 'நாட்டு' என்று விற்கும் தக்காளியின் தோற்றம் பெரும்பாலும் இதுதான். இது பாட்டி வைத்திருந்த விதை அல்ல. ஆனால் வீரிய ஒட்டும் (ஹைப்ரிட்) அல்ல. கடைசியாக, வீரிய ஒட்டு ரகத்தையே நாட்டுக்காயின் உருவத்துக்கு வளர்த்து விற்பதும் உண்டு. கத்தரியில் இது சகஜம். கடையில் பளபளக்கும் உஜாலாவைப் பார்த்து ஹைப்ரிட் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பச்சை வரிக் கத்தரியைப் பார்த்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஹைப்ரிட் என்றால் மரபணு மாற்றம் அல்ல. இரண்டு வேறு பெற்றோர் வரிசைகளுக்கிடையே மகரந்தம் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை விதை, அவ்வளவுதான். அது ஒரே சீராக, வீரியமாக வளரும். அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும்: ஒரு செடி உயரம், ஒன்று குட்டை, ஒன்றில் பெரிய பழம், ஒன்றில் கோலி அளவு. விதை முளைக்கவே முளைக்காது என்பது கட்டுக்கதை. முளைக்கும், ஆனால் சொன்ன பேச்சு கேட்காது. மரபணு மாற்றிய காய்கறி எதற்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை, புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் போட்ட தடை இன்னும் நிற்கிறது.

இந்தப் பிரியும் குணமே ஒரு சோதனைக்கு உதவும். கடையில் வாங்கிய 'நாட்டு'த் தக்காளியில் ஒரே பழத்தின் விதையைப் பத்துச் செடியாக வளர்த்துப் பாருங்கள். பத்தும் இலையிலும் காயிலும் ஒன்று போல இருந்தால் விதை எடுக்கத் தகுந்த ரகம். ஐந்து ஒரு மாதிரி, ஐந்து வேறு மாதிரி என்றால் விற்றவர் சொன்னது வெறும் பெயர். மூன்று மாதம் ஆகும். இதைவிடக் குறுக்கு வழி வீட்டில் இல்லை.

ருசி எங்கே போனது

நாட்டுத் தக்காளியின் ருசிக்குப் பழைய ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. செடிக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பழைய ரகங்களில் காய் பழுக்கும் முன் காம்பைச் சுற்றி அடர்பச்சையாக ஒரு தோள் இருக்கும். பறிக்கும் பக்குவத்தைக் கண்ணால் தீர்மானிக்க அது இடைஞ்சல். அதனால் 20ஆம் நூற்றாண்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்ததில் என்ன இழந்தோம் என்பது 2012இல்தான் தெரிந்தது. உடைந்துபோயிருந்தது, காயில் பச்சையத்தைப் பெருக்கும் ஜிஎல்கே2 என்ற மரபணு. இலை அனுப்பும் சர்க்கரையோடு காயும் தன் பங்குக்குக் கொஞ்சம் தயாரிக்கும். பச்சைத் தோள் போனதும் அந்தப் பங்கு போய்விட்டது. 2017இல் 398 தக்காளி ரகங்களை ஒப்பிட்ட ஆய்வு, நவீன வணிக ரகங்களில் மணத்துக்குக் காரணமான 13 பொருட்கள் பழைய ரகங்களைவிடக் குறைந்திருப்பதைக் காட்டியது. யாரும் வேண்டுமென்று ருசியைக் குறைக்கவில்லை. எடை, தோல் தடிமன், பறித்த பின் தாங்கும் நாள் ஆகியவற்றை அளந்தார்கள். மணத்தை யாரும் அளக்கவில்லை. அளக்காதது நழுவிப் போனது.

சென்னைக்கு இது இரட்டை அடி. நகரத்துத் தக்காளியில் பெரும்பங்கு மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி பக்கமிருந்து லாரியில் பெட்டி பெட்டியாக வருகிறது. 250 கிலோமீட்டர் குலுங்கி வர வேண்டிய பழத்தை நிறம் திரும்பும்போதே பறித்தாக வேண்டும். 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குச் சந்தை மாறியபோது லாரி உள்ளே வரவும் இறக்கவும் வசதி கூடியது. தூரத்துக் காய்க்கு அது இன்னும் சாதகமாக அமைந்தது. மெல்லிய தோல் நாட்டுத் தக்காளியை அதே லாரியில் ஏற்றினால் அடிப்பெட்டி வழியிலேயே சட்னி ஆகிவிடும். ஆக நல்ல நாட்டுத் தக்காளி வேண்டுமென்றால் ரகம் மட்டும் போதாது, தூரமும் குறைய வேண்டும். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத்து வயலிலிருந்து செடியிலேயே பழுத்து வந்த பிகேஎம், தொலைவிலிருந்து பச்சையாகப் பறித்து வந்த அரிய மரபு ரகத்தைத் தோற்கடித்துவிடும். அப்படி வந்ததையும் ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் வீண். 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் மணப்பொருட்களை உண்டாக்கும் வேலை முடங்கிவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது. கூடையில், காம்பு கீழே இருக்கும்படி, ஒரே அடுக்காக வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. நாட்டுத் தக்காளியில் அறைகள் அதிகம், விதையைச் சுற்றிய கொழகொழப்பு அதிகம், சதைச் சுவர் மெல்லியது. புளிப்பும் அந்த ஆழ்ந்த 'ரச ருசி'க்குக் காரணமான குளுட்டமேட்டும் அந்தக் கொழகொழப்பில்தான் செறிந்திருக்கின்றன. அதனால் நாலு பேருக்கு ரசம் வைக்கப் பழுத்த நாட்டுத் தக்காளி மூன்றைக் கையால் கரைத்துவிட்டால் புளியை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதே ரசத்தைக் கெட்டித் தக்காளியில் வைத்தால் சதை துண்டு துண்டாக மிதக்கும், புளி முழு அளவு கேட்கும். மாறாக, தொக்குக்கு நாட்டுத் தக்காளியைப் போட்டால் தண்ணீர் வற்றவே அரைமணி கூடுதல் ஆகும். அங்கே நவீன்தான் லாபம். நாட்டு என்றால் எல்லாவற்றுக்கும் மேல் என்பவர்கள் தொக்கு கிளறிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சத்து விஷயத்தில் நிதானம் தேவை. அமெரிக்காவில் 1950க்கும் 1999க்கும் இடையே 43 தோட்டப் பயிர்களின் சத்து அளவுகளை ஒப்பிட்டபோது புரதம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, ரைபோஃபிளேவின், வைட்டமின் சி ஆறும் சராசரியில் குறைந்திருந்தன. விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்ததால் சத்து நீர்த்துப்போனது என்பதே அதற்குச் சொன்ன முக்கிய விளக்கம். அதற்காக, எந்த நாட்டுக் காயும் எந்த ஹைப்ரிட்டைவிடவும் சத்தானது என்று முடிவு கட்ட முடியாது. சிவப்பு வெண்டையின் சிவப்பு நீரில் கரையும் நிறமி, பொரியலில் பச்சையாகிவிடும். நாட்டுப் பாகல் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தால் அந்த விதையை வாங்க வேண்டாம்.

பட்டம் தப்பினால்

நாட்டு விதையின் உண்மையான குணம் நாக்கில் தெரிவதைவிடக் காலண்டரில்தான் அதிகம் தெரியும். மாடியில் பந்தல் போட்டுத் தை மாதம் நாட்டு அவரை விதைத்தவர்களுக்கு ஒரே கதைதான். கொடி பந்தலை மூடும், இலை தழைக்கும், பங்குனி போகும், ஆனி போகும், ஒரு பூ வராது. உரம் போதவில்லை என்று மேலும் சாணம் போடுவார்கள். கொடி இன்னும் கொழுக்கும். கோளாறு மண்ணில் இல்லை. பழைய கொடி அவரை, பகல் சுருங்குவதைக் கணக்குப் பார்த்துப் பூக்கும் செடி. சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அவரைக்கு அது போதும். ஆடியில் போட்டால் கொடி வளர்ந்து நிற்கும்போது பகல் குறைந்திருக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் போட்டால் அடுத்த ஐப்பசி, கார்த்திகை வரை தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். சிறகு அவரையும் இப்படியே. இப்போது விற்கும் குத்து அவரை ரகங்களில் இந்தக் கணக்கை அறுத்துவிட்டார்கள். எப்போது போட்டாலும் இரண்டு மாதத்தில் பூக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது ஹைப்ரிட்டுக்கு ஆலோசனை, நாட்டு அவரைக்குக் கட்டளை.

தக்காளியின் கணக்கு வெயில். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சென்னையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவு அப்படித்தான். பகலில் 32 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமி உருவாவது தடைபட்டு, பழம் ஆரஞ்சாக நின்றுவிடும். எனவே புரட்டாசிக் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, கூரை நிழலில் மழையிலிருந்து காப்பாற்றி, மழை ஓய ஆரம்பித்ததும் கார்த்திகையில் 15 அங்குலப் பைக்கு மாற்றினால் தையிலும் மாசியிலும் பழம் எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே நேரடியாகப் பையில் நட்டால் வேர் அழுகும். பையின் பக்கவாட்டுத் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே குச்சி விட்டுப் பார்த்துவிட வேண்டும். மண் கலவைக்குச் செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் சமபங்கு போதும். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டு, அதன் மேல் உப்பான போர்வெல் தண்ணீரையும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். அந்தப் பழியை விதை மேல் போடுவார்கள்.

நாட்டு ரகத்துக்கு நோய் வராது என்பதுதான் நான்கில் அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை. வறட்சியை, ஏழை மண்ணைத் தாங்குவதில் பல மரபு ரகங்கள் கெட்டி. வைரஸ் வேறு. வெண்டையில் வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமலுக்குப் பழைய ரகங்களில் பல எளிதில் விழும். இலை நரம்பு மஞ்சளாகி, காய் வெளுத்து முறுக்கிக்கொள்ளும். இதைத் தாங்குவதற்காகவே பின்னாளில் அர்கா அனாமிகா போன்ற ரகங்களை உருவாக்கினார்கள். தக்காளி இலைச்சுருட்டையும் இதே ஈயால்தான். பெங்களூர் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் ஹைப்ரிட். பணத்தை எதிர்பார்த்துப் பயிர் செய்பவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பு காண முடியாது. மாடியில் நாட்டு விதைதான் வேண்டும் என்றால், தேமல் வந்த செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும், மருந்தில் தேறாது. மஞ்சள் ஒட்டுப் பொறி வைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைய அளவான காதி சோப்பும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை அடித்தால் ஈ குறையும். கத்தரியில் துளைப்பான் தாக்கிய கொழுந்து தலை சாய்ந்து நிற்கும். அதிலிருந்து இரண்டு அங்குலம் கீழே வெட்டி, குப்பையில் போடாமல் நசுக்கிவிட வேண்டும். குப்பையில் போட்டால் புழு அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும்.

பழத்தில் 'நாட்டு'

பழ மரங்களில் கதை தலைகீழ். பங்கனப்பள்ளிக் கொட்டையைப் புதைத்தால் பங்கனப்பள்ளி வராது. நம் பக்கத்து மாம்பழங்களின் கொட்டையில் இருப்பது கலப்பில் உண்டான புதுப் பிள்ளை. 'நாட்டு மாங்காய்' என்று ஊறுகாய்க்கும் மாவடுவுக்கும் வரும் காய்கள் இப்படிக் கொட்டையிலிருந்து எழுந்த மரங்களுடையவை. ஒவ்வொரு மரமும் ஒரு ரகம். இமாம்பசந்த், நீலம், ருமானி, மெரினாவில் மிளகாய்ப் பொடி தூவித் தரும் கிளிமூக்கு எல்லாமே ஒட்டுக் கட்டியே தலைமுறை தாண்டி வந்தவை. ஆக மாம்பழத்தில் 'ஒட்டு' என்பதுதான் பாரம்பரியம்.

வாழையில் விதையே இல்லை, கன்றுதான் வாரிசு. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சி மலைவாழை, கீழ்ப்பழநி மலைகளில் முடிக்கொத்து நோயால் பெரும்பரப்பை இழந்தது. அசுவினி பரப்பும் வைரஸ் அது. தாய்மரத்தில் இருந்தால் கன்றிலும் இருக்கும். பாட்டன் காலத்துக் கன்றைப் பாசத்தோடு கொடுத்தவர் நோயையும் சேர்த்தே கொடுத்தார். அந்த வாழையை மீட்க உதவியது ஆய்வகம்தான்: நோயற்ற தாய்மரத்தின் நுனித்திசுவை வளர்த்து, வைரஸ் இல்லை என்று சோதித்த கன்றுகள். சென்னைக் கடைகளில் மோரிஸ் தாரை ஒட்டி ரஸ்தாளி சீப்பு சிறுத்து, விலை ஏறி நிற்பதற்கும் ஒரு நோய் காரணம். மண்ணில் பல வருடம் தங்கும் வாடல் பூஞ்சை ரஸ்தாளியை எளிதில் பிடிக்கும்.

நாட்டுப் பப்பாளி வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆண் மரம் காய்க்காது, பூக்கும் வரை அடையாளமும் தெரியாது. குழிக்கு மூன்று கன்று வைத்து, நீளக் காம்பில் தொங்கும் பூங்கொத்து வந்ததை வெட்டிவிட்டு, பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் விட்டால் போதும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், ஆண் மரம் வராத ரெட் லேடி ஹைப்ரிட்டே புத்திசாலித்தனம்.

விதை எடுப்பது

முழு உண்மை என்று முதலில் சொன்னது இதுதான்: நாட்டு ரகத்தில் விதை எடுக்கலாம். சட்டமும் கூடவே நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பிராண்டு போட்டு விற்பதை மட்டும் தடுக்கிறது. ஆனால் எந்தக் காயில் எடுக்கலாம் என்பதைப் பூ தீர்மானிக்கும்.

தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரிய மோசமில்லை. கத்தரியிலும் வெண்டையிலும் தேனீ கொஞ்சம் கலப்பு செய்யும். மிளகாயில் அதைவிட அதிகம். இவற்றில் பூ மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப் பையைக் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் நூல் அடையாளம் போட வேண்டும். சுரை, பூசணி, பீர்க்கன், பாகல் முழுக்கக் கலப்பு. பக்கத்து மாடிச் சுரையும் உங்கள் சுரையும் தேனீக்கும் அந்திப்பூச்சிக்கும் ஒரே தோட்டம்.

சுரையில் கையால் மகரந்தம் சேர்ப்பது இப்படி. பூ அந்தியில் விரியும் என்பதால் மதியம் மூன்று மணிக்கே அன்று விரியப் போகும் மொட்டுகளைப் பார்த்து வைக்க வேண்டும். நுனி வெளுத்து, இதழ் தளர ஆரம்பித்திருக்கும். நீளக் காம்போடு இருப்பது ஆண். அடியில் விரல் நீளப் பிஞ்சோடு இருப்பது பெண். இரண்டையும் நூலால் நுனியில் கட்டிவிட வேண்டும். ஆறு, ஏழு மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் கட்டை அவிழ்த்து, சூல்முடி முழுக்கப் பூசி, மறுபடி கட்ட வேண்டும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் பூ தேய்த்தால் பிஞ்சு நிற்கும் வாய்ப்பு கூடும். பீர்க்கனும் புடலையும் மாலையில் பூப்பவை. பாகல், பூசணி, வெள்ளரிக்கு விடியற்காலை. கலப்பு நடந்தால் இந்தக் காயின் ருசி மாறாது, அடுத்த தலைமுறையில்தான் காட்டும்.

சுரையிலும் வெள்ளரியிலும் இதில் ஆபத்தும் உண்டு. கசப்புக் காட்டுக் கொடியின் கலப்பு நுழைந்தால் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு ஏறும். கசந்த சுரைச் சாறு குடித்து உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகளை ஆராய்ந்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வல்லுநர் குழு எச்சரித்திருக்கிறது. நறுக்கும் முன் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள்; வேக வைத்தாலும் போகாது. அந்தக் கொடியில் விதையும் எடுக்கக் கூடாது.

எப்போது பறிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சமையலுக்கு ஏற்ற கத்தரியின் விதை வெள்ளையாக, பால் பிடித்திருக்கும்; முளைக்காது. காய் மஞ்சளாகி, பழுப்பேறி, தோல் தளரும் வரை செடியிலேயே விட்டு, பறித்த பின் இன்னும் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிசைந்து தண்ணீரில் அலச வேண்டும். மூழ்குவது விதை, மிதப்பது சக்கை. வெண்டை செடியிலேயே காய்ந்து விளிம்பு பிளக்க வேண்டும். விதைக்கு விட்ட காய் இருக்கும் வரை செடி புதுப் பிஞ்சைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சமையலுக்கு நாலு செடி, விதைக்கு இரண்டு செடி என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது.

தக்காளிக்கு நொதிக்க வைக்க வேண்டும். நன்றாகப் பழுத்ததை, குறைந்தது ஐந்தாறு செடியிலிருந்து, டம்ளரில் பிழிந்து தண்ணீர் சேர்க்காமல் துணி மூடி வைத்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டும். விதையைச் சுற்றிய வழவழப்பு கரையும். குளிர் ஊர்க் குறிப்புகளில் மூன்று, நாலு நாள் என்று இருக்கும். சென்னை வெக்கையில் 24 முதல் 36 மணி நேரமே போதும். அதற்கு மேல் விட்டால் விதை டம்ளரிலேயே முளைவிடும். அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது. மொட்டை மாடி உச்சி வெயிலில் போட்டால் 40 டிகிரி தாண்டி, கரு செத்துவிடும்.

சேமிப்புதான் இந்த ஊரில் கடினம். விதையின் உள் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு மடங்கு. தேசிய விதை வங்கி மைனஸ் 18 டிகிரியில் உலர்ந்த விதையை வைப்பதும் இதே கணக்கில்தான். கடற்கரை ஈரக்காற்றில் காகிதப் பொட்டலத்தில் வைத்த வெங்காய விதை அடுத்த ஆடிக்கே பாழ். சுரை விதையை வளைத்தால் மடங்காமல் 'டக்' என்று ஒடிய வேண்டும். அவரை விதையைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் தெறிக்க வேண்டும். அப்படி ஒடியும் வரை சிலிக்கா ஜெல்லோடோ, வறுத்து ஆறவைத்த அரிசியோடோ மூடிய கண்ணாடிப் பாட்டிலில் பத்து நாள் வைத்து, பிறகு அரிசியை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ரகம், எடுத்த மாதம், எந்தச் செடி மூன்றையும் பாட்டிலில் எழுத வேண்டும். எடுக்கும் அன்று பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர மூன்று மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த விதை மேல் காற்றின் ஈரம் வியர்த்து, ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும்.

கடை விதையானால் பாக்கெட்டில் முளைப்புத் திறன் அச்சிட்டிருக்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்சம் 70 சதவீதம், வெண்டைக்கு 65, சுரைக்கு 60 என்பது சான்று விதைக்கான அளவு. நீலச் சீட்டு இருந்தால் சான்று பெற்றது, பச்சைச் சீட்டு விற்பவரின் சொந்த உறுதிமொழி. விதைத் திருவிழாவில் வாங்கிய மடித்த காகிதத்தில் எந்தச் சீட்டும் இருக்காது. அதனால் ஆடிக்கு இருபது நாள் முன்பே பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி வைத்துப் பாருங்கள். ஏழு முளைத்தால் வழக்கம் போல் போடலாம். நாலு என்றால் குழிக்கு இரட்டிப்பு விதை. இரண்டுக்குக் கீழே போனால், போன வருடம் யாருக்கெல்லாம் கைப்பிடி விதை கொடுத்தீர்கள் என்று யோசித்து, அவர்களுக்குப் போன் போட வேண்டியதுதான்.